மெராந்திப் பலகை போட்ட அமெரிக்கக் கித்தார்

ஞாயிறு பத்திரிகையில் இசைப் பகுதி எழுதுகிறவர் ஒரு கித்தாரைப் பற்றிப் பொய் எழுதியிருக்கிறார். சிராங்கூன் சாலை பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு தச்சர் அந்தப் பக்கத்தைத் தன் மச்சானுக்கு விரித்துக் காட்டினார். படத்தில் அந்தக் கித்தாரோடு இருந்தவர், ஹோட்டலில் ஜாஸ் வாசிக்கும் கித்தார்க்காரர்.

“மேல்பலகை நான் செஞ்சது, மச்சான்.”

“அமெரிக்காவுல செஞ்ச பழைய கித்தார்னுல்ல போட்டிருக்கான்?”

“கழுத்தும் முதுகும் அமெரிக்கா. மேல்பலகை நொறுங்கிப்போய் எங்கிட்ட வந்துச்சு. நம்ம ஊரு மெராந்தி மரத்துல குடைஞ்சு புதுசா போட்டேன்.”

“கம்பிக்கு இந்தப் பக்கம் சத்தம் வர்ற ஓட்டை நீளம், அந்தப் பக்கம் குட்டை. அபூர்வ மாடலுக்கு அதான் அடையாளமாம் லா!”

“அடையாளமா? அளவுக்கு ஒரு போட்டோதான் குடுத்தாங்க. சாய்வா எடுத்த போட்டோ. அதுல ஒரு ஓட்டை குட்டையா தெரிஞ்சுச்சு, அப்படியே வெட்டிட்டேன்.”

மச்சான் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“நீ போட்டோ பாத்து வெட்டினே, அவன் போட்டோ பாத்து எழுதிட்டான்! கித்தார்க்காரரையே சொல்லச் சொல்லேன்.”

“அவரு கோலாலம்பூர்ல வாசிக்கப் போயிட்டாரு. பட்டறையில எல்லாரும் என்னைப் புளுகன்னு கூப்பிடுறாங்க. ஓட்டை வழியா டார்ச் அடிச்சா உள்ள பென்சில்ல என் பேரு இருக்கு, மச்சான். எவன் பாத்தான்?”

அவர் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மச்சான் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

எழுதியவர் அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், எல்லாரும் படிக்கப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கித்தாரை ஒரு தடவையாவது கையில் வாங்கிப் பார்த்தீரா, இல்லையா?