மட்டையில ஒரே சத்தம்

உக்காருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆமா, தேர்வாளருங்க வரிசைதான், இருந்தா என்ன. உங்க பொண்ணு யாராவது ஆடுதா? இல்லையா? வண்டியை எதிர்ல ரிப்பேருக்கு விட்டிருக்கீங்களா. அண்ணன் பொண்ணு, மச்சினிச்சி பொண்ணு, அப்படியும் யாருமில்லையே? நல்லதாப் போச்சு, நல்லா சாஞ்சு உக்காருங்க.

ஹாக்கிதான். இருபத்திரண்டு பொண்ணுங்க ஆடுறாங்க, விளையாட்டு விடுதியில இருக்கிறது ஒரே இடம். சாப்பாடு, படிப்பு, மட்டை எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. ஆட்டம் முடிஞ்சதும் நான் ஒரு நம்பரைச் சொல்லணும். கூட இருந்த ரெண்டு பேரும், பெரியவர் சொன்னா சரின்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

தலைமுறைக்கு ஒருத்தர்தான் இப்படின்னு பேப்பர்ல போடுறாங்களே, படிச்சிருப்பீங்க. எனக்கு அறுபத்தெட்டு வயசு. இதுவரைக்கும் பதினாலு பேரை அப்படிச் சொல்லிட்டாங்க. என் ஆயுசுக்கு ரெண்டு தலைமுறைன்னு வச்சாலும் பன்னெண்டு பேர் உபரி. அதுல ஒருத்தி இப்ப இன்சூரன்ஸ் விக்கிறா. எனக்கே ஒண்ணு வித்தா. அந்த வேலையில அவ நெசமாவே கெட்டிக்காரி.

கைதட்டுறாங்களே, அதுவா? ஹாக்கி சங்கச் செயலாளரோட மச்சினன் பொண்ணா இருக்கும். முடி பறக்க ஓடுமாம். ஓட்டம்தான் வேணும்னா ஒரு முயலைச் சேத்துக்கலாமே. பொண்ணு மேல கோவமில்லீங்க, பாத்தா வணக்கம் சொல்லும். ஆனா பந்து அதுகிட்ட வர்றப்ப காதைக் குடுத்துக் கேளுங்க. டக்குன்னு ஒண்ணு, பின்னாலயே டொக்குன்னு ஒண்ணு. பந்து பட்டுத் தெறிக்குது, துரத்திப் போய் மறுபடி பிடிக்குது. நாலு வருஷம் பழகினா ரெண்டு சத்தம் ஒண்ணரை ஆகும். அதுக்கு மேல குறையாது.

ஒரே சத்தம் வரணுங்க. பந்து மட்டையில வந்து ஒட்டிக்கணும். அது மட்டும் போதாது. ஓரமா நின்னு கோச் பந்தைக் குடு, குடுன்னு தொண்டை கிழியக் கத்துறார் இல்ல? அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பந்து போயிருக்கணும். அப்படிப் போச்சுன்னா, வெளியில நிக்கிறவருக்குத் தெரியாதது உள்ள ஓடுற பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அது சொல்லிக் குடுத்து வராது. இத்தனை வருஷத்துல, நேத்து வரைக்கும், நான் அப்படிக் கேட்டது ஒரே ஒருத்திகிட்ட. அவளைப் பத்திப் பேப்பர்ல ஒரு வரி வரலை.

கேட்டீங்களா? இதோ, இப்ப. டொக். அவ்வளவுதான். பந்து போயிடுச்சு, கோச் இப்பத்தான் கத்துறார். காலையிலேர்ந்து இது மூணாவது தடவை.

உங்ககிட்ட ஏன் சொல்றேனா? நான் இவ்வளவு பேசுற ஆளே இல்லைங்க, எங்க வீட்டுல கேட்டா சிரிப்பாங்க. டீ குடிக்கப் போனவங்களைக் கேக்கலாம்தான். கேட்டா, என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு இந்த நாற்காலியில அந்த மச்சினனை உக்கார வச்சுடுவாங்க. நம்பரும் அவர் பொண்ணு நம்பராப் போயிடும். சுத்தி இருக்கிற பெத்தவங்களைக் கேட்டா, ஆளுக்கொரு நம்பர் சொல்வாங்க.

போன வருஷத்துலேர்ந்து இந்த மைதானம் எனக்கு ஒரு பச்சைத் துணிங்க. மேல என்னமோ அசையுது, அது வரைக்கும்தான் தெரியுது. ஐயோ, எனக்காக உச்சுக் கொட்டாதீங்க, அங்க பாருங்க, விசில் ஊதிடப் போறாங்க. வருது... அதோ, மறுபடி ஒரே சத்தம். இப்ப பந்தைக் குடுத்துச்சே அந்தப் பொண்ணு, முதுகுல என்ன நம்பர் போட்டிருக்கு?