ஊரில் வேறு கையே இல்லையா?

மூச்சு வாங்கியபடி முன்னிலை வகிக்கும் ஊர்த் தலைவர், என் மச்சான் ஆண்டியப்பன் அவர்களே, அவருக்கு விசிறிக்கொண்டே அவர் நலமாயிருப்பதாக நம்பும் பெரியோர்களே, அரிமளத்திலிருந்து வந்திருக்கும் அன்பு உறவுகளே, மஞ்சள் புடவை மணக்க அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

திருவிழாவின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். தலைவரின் பெருமையிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு சுவர் செத்துப் புடைத்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால்கள் வீங்குகின்றன, மாத்திரைக்கு எதுவும் மசியவில்லை. செத்த பகுதியை ஒதுக்கித் தைக்கவேண்டும், அடைத்த ரத்தக்குழாய்க்கு மாற்றுவழி போடவேண்டும், தள்ளிப்போட்டால் கத்தி வைக்கவே முடியாமல் போகும் என்று மதுரை மருத்துவர் நாளைக்கு வரச் சொன்னார்.

நம் மாவீரர் சொன்ன மறுமொழி என்ன? "காப்புக் கட்டியாச்சு மாப்ளே. எல்லையத் தாண்டுனா ஊருக்கு ஆகாது. தேர் முடியட்டும், பாத்துக்கலாம்."

எப்பேர்ப்பட்ட தியாகம். தேர் நிலைக்கு வரும்வரை இதயம் பொறுத்திருக்குமா? நம் வேட்டுச் சத்தம் கேட்டுச் செத்த சதை சிலிர்த்து எழுமா?

முன்வரிசையில் இருக்கும் ஐயா, என்ன, சாமி காரியம் என்கிறீர்களா? போன வருடம் காப்புக் கட்டியபிறகுதானே உங்கள் மகன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினார்? சிரிக்காதீர்கள். விசா என்றால் விலகி நிற்கும் அம்மன், வைத்தியம் என்றால் வழிமறிப்பாளா?

மகன் கையில் காப்பு இல்லை, தலைவர் கையில்தான் இருக்கிறது என்கிறீர்கள். அப்படிச் சொல்லுங்கள். இந்த ஊரில் காப்புக் கட்ட வேறு கையே இல்லையா?

பூசாரி அடைக்கலத்தைக் கேட்டேன். "வீட்டாளுக ஆருக்காச்சும் மாத்திக் கட்டலாம்ங்க. தலைவர்தான் கேக்கல" என்றார். ஏன் கேட்கவில்லை? காப்பு மாறினால் தேருக்கு முன்னால் பரிவட்டமும் வேறு தலைக்குப் போய்விடும். அந்த ஒரு முழத் துணிக்காக, இரவெல்லாம் அவர் முதுகைத் தாங்கி உட்கார்ந்திருக்கும் என் அக்கா செங்கமலத்தை அழவைக்கிறார். அடுத்த வருடம் அந்தப் பரிவட்டத்தை அவர் படத்துக்கா கட்டப்போகிறீர்கள்?

முறைக்காதீர்கள் மச்சான். அங்கே பாருங்கள், அக்கா மேடையேறி வருகிறாள். கையையும் நீட்டிவிட்டாள். பூசாரி ஐயா, அவிழ்த்து அவளுக்குக் கட்டுங்கள். தாய்மார்களே, குலவை போடுங்கள்.

அவ்வளவுதான், காப்பு மாறிவிட்டது. இனி எல்லை தாண்ட முடியாதவள் அவள். மதுரையில் புருஷனின் நெஞ்சைத் திறக்கும்போது அவள் இங்கே, உங்கள் தேருக்கு முன்னால் நிற்பாள். பரிவட்டம் அவள் தலைக்கு ஏறட்டும். எந்த மீசையாவது முணுமுணுத்தால் நான் திரும்பி வந்து கேட்பேன்.

கார் வாசலில் நிற்கிறது. குலவையிட்ட தாய்மார்களுக்கு நன்றி. தலைவருக்கான நன்றியை இன்று தரமாட்டேன். பிழைத்து வந்து என்னைத் திட்டிவிட்டு வாங்கிக்கொள்ளட்டும். வருகிறோம், வணக்கம்.