ஒன்பதாம் நாளைச் சொல்லாத அண்ணைக்கு

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதி மருந்துப் பொதியிடும் ஆலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் அயராது நின்று, அட்டைப்பெட்டி மடித்த அதே கையால் அநியாயத்தையும் மடக்கிய அருமைத் தோழரே! நாலு பேர் கூடினால் நாவிலே வரலாறு நடனமாடும் நல்லவரே! எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியே! ஞானேந்திரன் அண்ணையே! பணியிலிருந்து ஓய்வு பெறும் உங்களை நன்றி நிறைந்த நெஞ்சினராய் வணங்குகிறோம்.

அரை மணிநேரச் சாப்பாட்டு வேளையில் நாங்கள் புட்டுப் பெட்டியைத் திறக்க, நீங்கள் பிரித்தானியத் தொழிலாளர் வரலாற்றைத் திறப்பீர்கள். சத்தியம் செய்து சங்கம் கூடியதற்காக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆறு பண்ணைத் தொழிலாளரை எங்களுக்கு அறிமுகம் செய்தவர் நீங்களே. லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியேறிய கதையில் புஷ்பராணி அக்கா சாப்பிடவே மறந்து போனார். ஆனால் உங்களிடம் ஒரு பொல்லாத பழக்கம்! மணியடிக்கும் நேரம் பார்த்து, கதையை உச்சியில் நிறுத்திவிட்டு, "மிச்சம் பேந்து" என்று பிறகுக்குத் தள்ளிவிட்டுக் கையுறையை மாட்டுவீர்கள். எங்களுக்கு வீட்டுக்குப் போயும் அதே யோசனைதான்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதம், 1926ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தைச் சொல்லத் தொடங்கினீர்கள். சுரங்கத் தொழிலாளரின் கூலியைக் குறைக்க விடமாட்டோமென்று ரயிலும் பஸ்ஸும் துறைமுகமும் நின்றுபோன கதை. எட்டாம் நாளோடு வெள்ளிக்கிழமை மணியடித்தது. அன்று பின்னேரமே, நாள்முழுக்க நின்று கால் வீங்கிய கஜந்தினி ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்து, அதில் இருந்தபடி வேலை செய்ததற்காக மேற்பார்வையாளர் அவரை வேலையால் நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலை நாங்கள் நாற்பது பேரும் வெளியே வந்து பனிக்குள் நின்றோம். கடைசியாக வந்த உங்கள் முகம் வெளிறியிருந்தது. "பிள்ளையள், கொஞ்சம் பொறுங்கோ..." என்று தொடங்கினீர்கள். பிறகு என்ன நினைத்தீர்களோ, எங்கள் பக்கத்தில் வந்து நின்றீர்கள். மூன்று நாளும் முகாமையாளரிடம் போய்ப் போய் வாதாடியவர் நீங்கள். புதன் மதியம் கஜந்தினி திரும்பி வந்தார். எங்கள் எல்லோருக்கும் இருந்து வேலை செய்யக் கதிரைகளும் வந்தன. ஒன்பதாம் நாள் மட்டும் வரவேயில்லை. எப்போது கேட்டாலும் "பேந்து" தான்.

சென்ற கிழமை, உங்களுக்குப் பிரியாவிடை மடல் எழுதப் போகிறோம் என்றதும் கையெடுத்து மறுத்தீர்கள். "அந்தக் கதை தோத்த கதை. அதைச் சொல்லியிருந்தா நீங்கள் ஒருத்தரும் வெளியில வந்திருக்க மாட்டியள். மறைச்சுப்போட்டு உங்கட வேலையோட விளையாடினனான். எனக்கு மடல் வேண்டாம்" என்றீர்கள். இத்தனை வருடம் இதை நெஞ்சில் சுமந்தீர்களா, அண்ணை?

அப்படியானால் நாங்கள் உங்களைவிடப் பெரிய கள்ளர். உங்கள் "பேந்து"வைப் பொறுக்கமாட்டாமல், நாங்கள் பனிக்குள் நின்ற அந்தத் திங்களுக்கு முதல்நாள், ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் மண்டபத்தில் புஷ்பராணி அக்காவின் மகள் றொஷினியைக் கைபேசியில் தேடச் சொன்னோம். பிள்ளை பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னது: ஒன்பதாம் நாள் தலைவர்கள் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, சுரங்கத் தொழிலாளர் மாதக்கணக்காய்த் தனித்து நின்று தோற்றார்கள். கஜந்தினி அழுதுவிட்டார். "எனக்காக ஒருத்தரும் நாளைக்கு வெளியில வரவேண்டாம், அக்கா."

புஷ்பராணி அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தோத்தாலும் அவையள் ஒம்பது நாள் நிண்டவையெல்லோ? நாங்கள் ஒரு நாளாவது நிப்பம்."

முடிவை அறிந்துகொண்டுதான் வெளியே வந்தோம், அண்ணை. உங்களிடம் அதைச் சொல்லாமல் விட்டது ஒரே பயத்தால்: சொன்னால் நீங்கள் கதை சொல்வதையே நிறுத்திவிடுவீர்களோ என்று. உங்கள் கதைகள் இல்லாவிட்டால் ஒருவருக்காக ஒருவர் வெளியே வரலாம் என்பதே எங்களுக்குத் தோன்றியிராது. அந்த நன்றியை எந்த மடலிலும் எழுதித் தீர்க்க முடியாது.

பியர்பொன்ட்ஸ் பகுதியிலுள்ள உங்கள் வீட்டு வாசற்பனியை மகன் அள்ள, நீங்கள் முதுகு நோவில்லாமல் யன்னலோரம் இருந்து தேத்தண்ணி குடிக்கும் காலம் நெடிது நிலைக்கட்டும்!

இன்றைக்கு மணியடிக்காது. ஒன்பதாம் நாளை உங்கள் வாயால் சொல்லி முடியுங்கள். கதிரைகளை நெருக்கிப் போட்டிருக்கிறோம், இருந்து கேட்கிறோம்.

என்றும் உங்கள்,
கஜந்தினியும் பொதியிடல் பகுதித் தோழர்களும்
மொன்றியல்