ஜெனிபர் என்ற முழுப் பெயர்

காப்பிக்கு நன்றி சார். இந்த மலைக்குளிரில் சூடாக ஏதாவது உள்ளே போனால்தான் எனக்குப் பேச்சு வரும்.

நான் ஜான்பீட்டர். சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் ஆங்கில வாத்தியார். சுருக்கச் சொற்கள் பாடத்தை நான் நடத்தினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பி.டி.ஓ. என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். நாசாவும் முதலெழுத்துகளால் ஆனதுதான், ஆனால் ஒரே சொல்லாக வாசிக்கிறோம். டாக்டரை இரண்டே எழுத்தில் எழுதினாலும் வாய் முழுசாகத்தான் சொல்லும். டெலிபோன் போன் ஆனது இன்னொரு வகை. அது சொல்லையே வெட்டி எடுப்பது. தினமும் கையில் புழங்குவதைத்தான் அப்படி வெட்டுவார்கள் என்று வகுப்பில் சொல்லுவேன்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் சின்னுசாமி, என் மனைவி ஜெனிபரை 'ஜெனி' என்று கூப்பிட்டார்.

"ஜெனி கண்ணு, கெழங்கு வெந்துருச்சு, வந்து எடுத்துக்க" என்பார். இவள் சிரித்துக்கொண்டே வேலியோரம் ஓடுவாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை ஜெனிபர் என்றுதான் அழைக்கிறேன். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள் சார். எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதானே சொல்லுவாள்.

சனிக்கிழமை அவர் தோட்டத்தில் மிளகு பறிக்க ஆள் வரவில்லை. நானே வலியப் போய் நின்றேன். உயரமான மரத்தில் கொடி ஏறியிருக்கும், ஒற்றை மூங்கிலைச் சாத்தித்தான் ஏறுவார்கள். மேலே போய் மூங்கிலை மரத்தோடு கட்டும்வரை கீழே ஒருவர் இறுகப் பிடித்திருக்க வேண்டும். ஏறுகிறவர் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால் பிடிக்கிறவரைச் சந்தேகப்பட்டது போலாகிவிடும் என்று இங்கே நினைக்கிறார்கள். சின்னுசாமியும் பார்க்கவில்லை.

அவர் உச்சியில் கயிற்றை எடுத்ததும் மூங்கிலின் அடியைப் பிடித்து இழுத்துவிட்டேன். பாறைமேல் விழுந்தார். இடுப்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஜான் கண்ணு, கை நழுவிருச்சாட்ட இருக்குது. பயப்படாத சாமி. போயி ஆளக் கூட்டியா" என்றார்.

பக்கத்தில் கிடந்த கல்லைத் தூக்கி அவர் முகத்தில் போட்டேன். ஒரு தடவையில் முடியவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. மூக்கும் பல்லும் ஒன்றாகிப்போன பிறகுதான் நிறுத்தினேன். சட்டையில் தெறித்ததை ஓடையில் அலசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

நேற்று உங்கள் ஸ்டேஷன் வாசலில் ஜெனிபர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அறுபது வயசு மனுசன். ஊர்ல எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடுவாரு? உங்களையும் ஜான்னுதானே கூப்பிட்டாரு, பெத்த புள்ளையக் கூப்பிடுற மாதிரி?"

அவள் படித்தவள்தான், ஆனால் வித்தியாசம் தெரியவில்லை. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது வாஸ்தவம். ஆனால் ஜான் என்பதே ஒரு முழுப் பெயர் சார். அதைச் சுருக்கத்தில் சேர்க்க முடியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.