நம்மளுது இல்ல

மாலை ஆறரை மணி. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு ஒரே ஒரு சாலைதான். போர்க்காலம், அதனால் விளக்கு கிடையாது. காற்று மட்டும்... கூடவே டீசல் நாற்றம். அந்தச் சாலையில் தினமும் தனியாக நடந்து வேலைக்குப் போனவர் என் தோழியின் பெரியம்மா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வராது.

பெரியம்மா கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். ஒலிதான் அவர் பாடம். எறும்பு தும்மினாலும் அவருக்குக் கேட்கும் என்று பிள்ளைகள் வைத்த பெயர் 'காது டீச்சர்'. போர் வந்ததும் கடற்படை அவரைக் கூப்பிட்டது. ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவரும் அவரும் சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். ஒலிவாங்கி கடலடியில் கிடக்கும். கேட்பவர் முனையிலிருக்கும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். ஹெட்போனை மாட்டினால், வருகிற கப்பலின் விசிறி தண்ணீரைக் கடைகிற சத்தத்தை வைத்தே நம்முடையதா எதிரியுடையதா என்று பெரியம்மா சொல்லிவிடுவார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபின் தங்கையையும் தம்பியையும் ஆளாக்கியதிலேயே வயது போய்விட்டது. தம்பி நீர்மூழ்கிக் கப்பலில் இன்ஜின் பார்த்தான். என் தோழிக்குத் தாய்மாமன். அவள் அவனைப் பார்த்ததே இல்லை.

ஒரு சாயங்காலம் ஹெட்போனில் புதிதாக ஒரு சத்தம். தடக்... தக். தடக்... தக். நொண்டி நடப்பதுபோல. நம் கப்பல் எதுவும் அப்படி ஓடாது. நம் நீர்மூழ்கி திரும்புவதற்கும் இன்னும் நாள் இருந்தது. டெலிபோனில் கமாண்டர் பதறினார்.

"நம்மளுதா மேடம், அவங்களுதா? சீக்கிரம் சொல்லுங்க."

"நம்மளுது இல்ல."

துறைமுகத்திலிருந்து படகுகள் பாய்ந்தன. கடலுக்குள் குண்டு வெடிக்க வெடிக்கக் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அப்புறம்... ஒன்றுமில்லை.

காலையில் எண்ணெய் மிதந்தது. எண்ணெய்க்கு நடுவே தொப்பிகள். நம் தொப்பிகள். விசிறி உடைந்து, ரேடியோவும் செத்து, முன்கூட்டியே வீடு திரும்பிக்கொண்டிருந்த நம் நீர்மூழ்கி அது. ஒருவரும் பிழைக்கவில்லை.

"யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க மேடம்," என்றார் கமாண்டர். பெரியம்மா அழவில்லை. மறுநாளும் அதே சாலையில் நடந்து வேலைக்குப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து ஒருநாள், ரிப்பேர்க்காரர் ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. பெரியம்மா வாங்கி மாட்டிக்கொண்டார்.

தடக்... தக்.

ரிப்பேர்க்காரருக்கு வேறு வழி தெரியவில்லை. டெலிபோனைச் சுழற்றினார். குண்டுகள் விழுந்தன. சத்தம் நின்றது. விடிந்ததும் பார்த்தால் செத்த மீன்கள்தான். மறுவாரமும் அது வந்தது. மறுபடியும் குண்டு.

"திரும்பத் திரும்ப வீட்டுக்கு வர்றாங்கண்ணே... திரும்பத் திரும்ப நாம..." பெரியம்மா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அடுத்த முறை கேட்டபோது அவர் டெலிபோன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"டீச்சர், நிஜமாவே எதிரியா இருந்தா? துறைமுகமே போயிடும்."

"என் தம்பிண்ணே. இந்த ஒரு தடவை விட்டுடுங்க. என்ன ஆனாலும் என் தலையோட போகட்டும்."

ரிப்பேர்க்காரர் பின்வாங்கினார். சத்தம் நெருங்கியது. கொட்டகைக்குக் கீழே கடந்து துறைமுகத்துக்குள் நுழைந்தது. இன்ஜின் நின்றது. இரும்பு மூடி ஒன்று கிறீச்சென்று திறந்தது. பிறகு பலகைமேல் ஈரக் கால்கள்... ஒன்றன்பின் ஒன்றாக. ரிப்பேர்க்காரர் டெலிபோனில் துறைமுகக் காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டால், "இங்க ஒரு தோணிகூட வரலையே சார்," என்கிறான்.

பெரியம்மா ஓடினார். வீட்டுக்கு வந்து, கதவை அகலத் திறந்துபோட்டு, கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தெருமுனையிலேயே அவர் காதுக்குக் கேட்டுவிட்டது. சதக்... சதக்... கேட் திறந்தது. படியேறியது. வாசலில் நின்றது. ஆள் தெரியவில்லை. உப்பு வாடை, இன்ஜின் எண்ணெய் வாடை. படியில் தண்ணீர் சொட்டியது.

"உள்ள வாடா தம்பி. கதவு திறந்துதான்டா இருக்கு."

சொட்டு... சொட்டு...

"அக்காவுக்குத் தெரியலடா. சத்தியமா நீன்னு தெரியலடா."

வெகு நேரம் நின்றது. பிறகு ஈரக் கால்கள் திரும்பிப் படியிறங்கின. கேட் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

செத்தவர்களால் வாசற்படியைத் தாண்ட முடியாதோ என்னவோ. பெரியம்மா அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டார். விடியும்வரை அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் பக்கத்துத் தெருவில் கூட்டம். அதே நீர்மூழ்கியில் சமையல் செய்தவரின் வீடு. மழையே பெய்யாத நாளில், வாசலிலிருந்து உள்ளறைக் கட்டில்வரை ஈரக் கால்தடம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியம்மா உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த சமையல்காரரின் சின்ன மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா உள்ள வந்து எனக்குப் போர்வை போத்திவிட்டாரு டீச்சர். கை மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு."