கல்லடிக்கு வந்த நாற்பது அமெரிக்கர்கள்

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள் ஐயா. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். எனக்குப் பீனிசம். நேரே முகத்தில் காற்றடித்தால் தும்மத் தொடங்கிவிடுவேன். நான் தும்மித் தும்மி வாக்குமூலம் கொடுத்தால் எழுதுகிறவருக்குத்தான் சிரமம்.

என் பெயர் மேர்வின். வயது ஐம்பத்திரண்டு. கல்லடியில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா காலத்தில் அது ஸ்டூடியோ. கல்லடியில் ஞானஸ்நானம், பூப்புனித நீராட்டு, கலியாணம், அடையாள அட்டை என்று எல்லா முகத்தையும் அவர்தான் பிடித்தார். 2004இல் கடல் வந்தபோது அப்பாவும் போனார், ஸ்டூடியோவும் போனது. வீடுகளில் சுவரில் இருந்த படங்களும் போயின. கடல் யாரையும் மதம் பார்த்து எடுக்கவில்லை, படங்களையும் அப்படித்தான். அதன் பிறகு கல்லடியில் பாதி வீடுகளுக்கு முன்னோர்கள் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் பாசிக்குடாவில் ஒரு விடுதியின் மனேஜர், சதீசன் என்று பெயர், கடைக்கு வந்தார். வெள்ளைக்காரர் சாப்பிடுவதற்கு ஒரு உணவகம் திறக்கப் போவதாகவும், அதில் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் முதன்முதல் போய்க் குடியேறியவர்களின் பழைய படங்களைத் தொங்கவிட வேண்டும் என்றும் சொன்னார். அமெரிக்காவிலிருந்து பாசிக்குடாவுக்கு வருகிறவன் எதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாற்பது படங்களை அச்சடித்துப் பிரேம் போட்டேன். முடிந்த அன்று அவர் தொலைபேசியில், முதலாளி மனம் மாறிவிட்டார், இனி மீன் படங்கள்தான் என்றார். நாற்பது அமெரிக்கர்களோடு நான் தனியே நின்றேன்.

சும்மா கிடக்கட்டும் என்று கடைச் சுவரில் மாட்டினேன். பார்க்கப் பார்க்க அவர்களைப் பிடித்துப்போனது. மண் வீட்டுக்கு முன்னால் ஒரு குடும்பம் நிற்கும். படம் பிடிக்க ஆள் வருகிறார் என்று வீட்டுக்குள் இருந்த தையல் மெசின், மேசை, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றையும் வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். மாட்டையும் வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். ஒருத்தி தள்ளுவண்டி நிறைய வறட்டி பொறுக்கிக்கொண்டு நிற்பாள். கொல்லன் பட்டறை, கூடாரத்துக்குள் சவரக்கடை, துணி வெளுக்கும் பெண்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எங்கள் ஆட்களும் அப்பாவின் கமெராவுக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார்கள், கடன் வாங்கிய கைக்கடிகாரத்தோடு. அந்த நிலம் முதலில் யாருடையது என்பது மட்டும் ஒரு படத்திலும் இல்லை. அந்த நிலத்துக்காரர்களைப் பிரேமுக்கு வெளியே விட்டிருந்தார்கள். எதை விட வேண்டும் என்று தெரிந்தவன்தான் நல்ல படக்காரன், ஐயா.

ஒரு நாள் மக்டலின் அக்கா செபஸ்தியார் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலில் புருசனையும் ஆறு வயது மகள் சர்மிலாவையும் பறிகொடுத்தவர். கொல்லனின் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"மேர்வின், இது ஆரு?"

"ஏன் அக்கா?"

"எங்கட அப்பப்பாட அப்பாவும் கொல்லன் வேலதான் செஞ்சவராம். இப்படித்தான் தாடியாம். ஒரு படம் வீட்டில இரிந்திச்சு. கடலோட போயிற்று."

நான் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். "வடிவாப் பாருங்க அக்கா. உங்களுக்குத் தெரியல்லியா?"

அவர் வடிவாகப் பார்த்தார். பிறகு அழுதார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் என் கையை அப்படிப் பிடித்ததில்லை. பிரேம் போடுகிறவனின் கையை யார் பிடிப்பார்கள்?

கதை பரவியது. மேர்வின் எங்கேயோ பழைய பெட்டிகளில் தேடி ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறான் என்று வந்தார்கள். காசு கேட்டு நான் இதைச் செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கத்தோலிக்கருக்கும் மெதடிஸ்தருக்கும் வேலை குறைவு, தொப்பியோடே கொடுத்துவிடலாம். இந்துக்களுக்கு என்றால் கம்ப்யூட்டரில் தொப்பியைக் கழற்றி, நிறத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கி, நெற்றியில் திருநீறு பூச வேண்டும். வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கதிர்காமத்தம்பி என்று ஒரு விவசாயி வந்தார். வறட்டி பொறுக்கியவளை அவருடைய அம்மாவின் அம்மாவாக்கினேன். சேலை உடுத்துவதற்கு மட்டும் இரண்டு நாள் எடுத்தது. மாடுகளில் கை வைக்கவில்லை. மாடு எங்கேயும் மாடுதான்.

ஒரே ஒரு தடவை சிக்கல் வந்தது. கடையில் கூட்டமாக இருந்த நாளில் ஒரே தாடிக்காரரை இரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வீட்டில் பிரதீஸ் என்ற பையன். மற்ற வீட்டில், பக்கத்து ஊரான டச்பாரிலிருந்து அவனுக்குப் பேசியிருந்த பெண். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போனபோது, தங்கள் பூட்டன் அங்கேயும் சுவரில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் தகப்பன் வழி. அப்படியென்றால் அண்ணன் தங்கை. கலியாணம் நின்றுபோனது. நான் நேரே போய், படத்தின் பின்பக்கத்தை மறுபடி வாசித்துப் பார்த்ததாகவும், பெண்ணுக்கு அவர் தாய் வழிதான் என்றும் சொன்னேன். அண்ணனும் தங்கையும் ஐந்து நிமிடத்தில் மச்சானும் மச்சாளும் ஆனார்கள். அந்தக் கலியாணத்தில் எனக்கு முன்வரிசையில் கதிரை. தாடிக்காரர் மாலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இப்போது அவர்களுக்கு ஒரு குழந்தையும் இருக்கிறது. இதில் குற்றம் எங்கே என்று எனக்கு விளங்கவில்லை.

போன வருடம் மக்டலின் அக்கா திரும்பவும் வந்தார். பிற்பகல், கடையில் வேறு யாரும் இல்லை.

"மேர்வின், எல்லார்ர ஆக்களையும் தேடிக் குடுக்கிறீங்க. சர்மிலாட படம் ஒண்டு உங்கட அப்பாட சாமானுக்குள்ள இல்லாமலா போயிரிக்கும்? நேசரிக்குச் சேர்க்கக்குள்ள அவர்தானே புடிச்சவர்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

இங்கே ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பாவின் நெகட்டிவ்கள் எல்லாம் கடலோடு போகவில்லை. கடல் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு ஸ்டூடியோக் கூரை ஒழுகியது. அப்பா இரண்டு தகரப் பெட்டிகளை லொறியில் ஏற்றித் தேற்றாத்தீவில் என் தம்பி ஜொய்சனின் மனைவி வீட்டுக்கு அனுப்பினார். அந்த வீடு பெரிய றோட்டுக்கு மேற்கே, வாவிப் பக்கம். கடல் அங்கே போகவில்லை. தம்பி அப்போது கட்டாரில். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஏற்றியவன் நான்தான். ஆனால் அதன்பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லாம் போய்விட்டது என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். முதல் சில வருடங்கள் நானும் மறந்துதான் போயிருந்தேன். அமெரிக்கர்கள் வந்த பிறகு, அவசரமாக ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டிய தேவை ஏற்படவில்லை.

நாற்பதில் ஒரு சிறுமி இருந்தாள். கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு நிற்பாள். அவளை எடுத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் மாற்றினேன். முன்பல்லில் ஒன்று விழுந்திருந்ததாம். தலையில் இரட்டைப் பின்னல். மூன்று நாள் வேலை. கோழிகளை எடுத்துவிட்டுப் பின்னால் நேசரிப் பள்ளிச் சுவரை வைத்தேன். முடிவில் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காது இப்படி இல்ல" என்றார். காதைச் சிறிதாக்கினேன். பக்கத்திலே இருந்து நான் மாற்றுவதைப் பார்த்தவர்தான் ஐயா. இருந்தும், "ஓம், இது என்ட புள்ளதான்," என்றார். பழைய நெகட்டிவில் அழிந்த இடங்களைச் சரிப்படுத்துவதாக நான் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அவர் வீட்டில் அந்தப் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிறது. அந்த ஆண்டு கோயில் திருவிழாப் பூசையில் என்னை பைபிள் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டார்கள். என் அப்பாவைக்கூடக் கூப்பிட்டதில்லை.

இந்த ஆடி மாதம் தம்பி, தன் மனைவி டினோஷாவின் தையல் மெசினை வைக்கப் பின்கொட்டிலை ஒதுக்கியிருக்கிறான். பழைய வலைகளுக்கு அடியில் பெட்டிகள். ஒவ்வொரு நெகட்டிவ் உறையிலும் அப்பாவின் கையெழுத்தில் பெயர், திகதி. தம்பி சர்மிலாவின் பெயர் இருந்த ஒன்றை டவுனில் கழுவிப் பெருப்பித்துக்கொண்டு, சந்தோசமாக மக்டலின் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறான். சுவரைப் பார்த்துவிட்டு, கொடுக்காமல் நேரே என் கடைக்கு வந்தான்.

"அண்ணன், மெழுகுதிரி கொழுத்தி வச்சிரிக்கிற படம், அது ஆர்ர புள்ள?"

அவனிடம் நான் மறைக்கவில்லை. "அமெரிக்காக்காரர்ர புள்ள. இப்ப உசிரோட இரிக்காது. ஆருக்கும் நட்டமில்ல."

அவன் உறையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தான். குண்டான ஒரு பிள்ளை. வெளிச்சம் பட்டுக் கண்ணை மூடியிருந்தது. அப்பாவின் வேலை எப்போதும் அப்படித்தான்.

"கண்ண மூடிக்கிட்டு இரிக்காளே," என்றேன்.

"ஆனா இது அவள்தானே அண்ணன்."

அவன் படத்தைத் திரும்ப உறைக்குள் வைத்தான்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஹோல்ல எல்லாத்தையும் பரப்பி வைக்கப் போறன். அவங்கவங்க வந்து அவங்கட ஆக்கள எடுத்துக்கிட்டுப் போகட்டும். அதுக்கு முதல் நீங்க அக்காட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொல்லாட்டி?"

"மறுகா நான் சொல்லுவன்."

சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போடுகிறவன் அல்ல. பெட்டிகளை என்னிடம் தா என்று கேட்டேன், தலையை ஆட்டி மறுத்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சாப்பிட்டான். மீன் குழம்பு நல்லாயிருக்கிறது என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

நான் மூன்று நாள் யோசித்தேன். நீங்கள் நினைப்பதுபோல ஆத்திரத்தில் செய்யவில்லை. ஞாயிறு அந்த மண்டபத்தில் என்ன நடக்கும்? முப்பத்தெட்டு வீட்டின் முன்னோர்கள் ஒரே காலையில் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவார்கள். அதைக்கூடத் தாங்கலாம், சிரித்துவிட்டுப் போவார்கள். மக்டலின் அக்கா? ஒரு தாயிடமிருந்து இரண்டாவது தடவை பிள்ளையைப் பறிக்க என்னால் முடியாது. தம்பியால் முடிந்தது. அவன் எப்போதும் கொஞ்சம் ஈரமில்லாதவன்.

வெள்ளிக்கிழமை மதியம் பஸ்ஸில் தேற்றாத்தீவுக்குப் போனேன். ஒரு போத்தல் மண்ணெண்ணெய், துணிப்பையில். டினோஷா பாடசாலையில் படிப்பிக்கிறவள், இரண்டு மணிக்கு முன் வரமாட்டாள். கொட்டில் வாசலில் தம்பியின் செருப்பு கிடந்தது. சாப்பிட்ட பிறகு அவன் அங்கேதான் பாயில் சாய்வான். கதவு நீக்கலால் பார்த்தேன். பெட்டிகளுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மெதுவாகத்தான், தூக்கம் கலையக்கூடாது என்று. அன்றைக்குக் கச்சான் காற்று பலமாக வீசியது. கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் எழும்பிவிடுவான் என்று வெளிக்கொக்கியைப் போட்டேன். செருப்பை எடுத்து வேப்பமரத்தடியில் வைத்தேன். புதுச்செருப்பு, வீணாகப் போகக்கூடாது. கொட்டில் தென்னங்கிடுகு வேய்ந்தது. கச்சானில் கிடுகு எப்படி எரியும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய பிலிமும் நன்றாக எரியும்.

அவன் என்னைத்தான் கூப்பிட்டான். "அண்ணன்" என்றுதான். நான் அங்கே நிற்கிறேன் என்று தெரிந்து கூப்பிட்டானா, சும்மா வாயில் வந்ததா என்று தெரியாது. நான் ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

மின்சாரக் கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். கொக்கி இரும்பு, எரியாது, பூட்டியபடியே சாம்பலுக்குள் கிடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அதைக் கண்டுபிடித்தது கெட்டித்தனம்.

நான் தம்பியை வெறுக்கவில்லை ஐயா. அவனுடைய அடக்கத்துக்கு எல்லா வேலையும் நான்தான் செய்தேன். மக்டலின் அக்கா என் பக்கத்திலேயே நின்றார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார், என் முதுகைத் தடவிவிட்டார். டினோஷா கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்குத் தம்பியின் படம் கேட்டாள். இருந்தது பாஸ்போட் படம் மட்டும்தான், முறைத்துக்கொண்டு இருந்தான். நான் ஒரு பகல் முழுவதும் இருந்து அதைச் செய்தேன். கண்ணை இளக்கினேன், உதட்டை ஒரு ஓரத்தில் சின்னதாகச் சிரிக்க வைத்தேன். இன்னும் அவர்கள் வீட்டு மதிலில் கட்டியிருக்கிறது. ஒருக்கால் போய்ப் பாருங்கள். பார்த்தால் உங்களுக்கே தெரியும், அவனுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை.