வார்த்தை இல்லாத இரண்டு பக்கங்கள்

“டீ ஆறுது, குடிச்சிட்டுப் பேசுக்கா.”

“டீ கெடக்கட்டும். தாழ்ப்பாள் தானாத் திறந்துக்குமாடா? நீயே சொல்லு.”

அக்கா என் அறைக்கு வந்து அரை மணி நேரம் ஆகிறது. இதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுவிட்டாள். அவள் வீட்டு நாய் காணாமல் போய்ப் பன்னிரண்டு நாள். வாசலில் உட்கார்ந்து வருவோர் போவோரையெல்லாம் முறைப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். வயதாகிக் கண் மங்கிய மேனேஜர்.

“தான்தான் கேட்டைச் சரியாச் சாத்தலன்னு நெனச்சுக்கிட்டு அவ வாயே திறக்க மாட்டேங்கறா. சாப்பிடுறியான்னு கேட்டாலும் தலையாட்டல்தான்” என்றாள்.

அக்காவின் மகளைச் சொல்கிறாள். எட்டு வயது. சோப்பு உறை, பஸ் பலகை, மாத்திரை அட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படிப்பவள். வீட்டில் அவளை வானொலி என்றுதான் கூப்பிடுவோம்.

அக்காவுக்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் நடந்ததை உங்களிடம் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

படங்கள் நிறைந்த சிறுவர் நாவல் ஒன்றை ஒலிப்புத்தகமாக மாற்றித் தரும்படி ஒரு பதிப்பகம் கேட்டது. தபால் சுமக்கும் கழுதை, அதை வளர்க்கும் சிறுமி. மொத்தம் முப்பத்தொரு படங்கள். கேட்பவருக்குப் படம் தெரியாது என்பதால் ஒவ்வொன்றையும் கதைக்குள் வார்த்தையாகக் கரைக்க வேண்டும். முப்பதைச் சமாளித்துவிட்டேன். மிஞ்சிய ஒன்று இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. கழுதை தொலைந்து காலியான கொட்டகை, கையில் கயிற்றோடு சிறுமியின் முதுகு. எழுதியவரே அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

“ரெண்டு வரி போட்டுத் தாண்டிடுங்க” என்றார் பதிப்பாசிரியர்.

எனக்கு இரண்டு வரி வராது. பனி கொட்டும் தேசத்து நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்துப் படித்து, நான் எதை எழுதினாலும் வானம் சாம்பல் நிறமாகிவிடுகிறது. பதினோரு முறை எழுதினேன். பதினோரு முறையும் சாம்பல். படத்தில் வானம் மஞ்சளாக இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

ஆகவே, இந்தப் படத்தை வர்ணிக்கக் கூடாது, இது காதில் விழ வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவெடுக்கும்போது ஜன்னலோரம் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் எனக்கே நான் பெரிய ஆளாகத் தெரிவேன்.

கதையைப் படித்தது வானொலி. அக்கா வீட்டுப் பின்னறையில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்துப் பதிவு செய்தோம். அந்த இடம் வந்ததும் அழச் சொன்னேன். அழுதாள். பல்வலிக்காரர் அழுவதுபோல் இருந்தது.

“மேனேஜர் காணாமப் போயிட்டா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கோ கண்ணு.”

“அது எப்படி மாமா போகும்? தண்ணி குடிக்க எழுந்திருக்கவே அதுக்குச் சோம்பேறித்தனம்.”

“நெஜமாவே போயிடுச்சு. இப்பதான் பார்த்தேன்.”

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “அதோ குறட்டை விடுது. உங்களுக்குப் பொய் சொல்ல வரல மாமா.”

அது உண்மைதான். குழந்தைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கையும்கூட. சொன்னதை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யில்லை அல்லவா?

மறுநாள் காலை பத்து மணிக்கு, அக்கா குளிக்கப் போனதும் கேட்டைத் திறந்தேன். மேனேஜர் எழுந்திருக்கவில்லை. பிஸ்கட்டைக் காட்டித் தெருமுனைவரை நடத்திக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. கண் மங்கிய நாய் தூரம் போகாது, அரை மணியில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதுமே சுமார்.

வானொலியின் சட்டைக் காலரில் சின்ன மைக்கை மாட்டி, “மேனேஜருக்குத் தண்ணி வச்சிட்டு வா” என்று அனுப்பினேன்.

அவள் அழவில்லை. கேட் திறந்து கிடக்க, நாற்பது நொடி அப்படியே நின்றாள். மூச்சு இருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் ஆடும் சத்தம் இருந்தது. பிறகு தெருவுக்கு ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். அதை நான் பதிவு செய்யவில்லை. கதையில் அந்தச் சிறுமி கூப்பிடுவதில்லை.

தெருமுனைக்கு உடனே கிளம்பியிருக்கலாம். முதலில் பதிவைக் கேட்டேன். இரண்டு முறை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. பிறகு போய்ப் பார்த்தபோது பிஸ்கட் தூள்தான் கிடந்தது. ‘காணவில்லை’ அறிவிப்பை நானே எழுதிக் கொடுத்தேன். அதில் நாயைச் சாம்பல் நிறம் என்று எழுதியிருந்தேன். “பழுப்புடா அது” என்று அக்கா அடித்துத் திருத்தினாள்.

நேற்று பதிப்பகத்தின் ஒலிப்பதிவாளர் போன் செய்தார். “அந்த எடத்துல நாப்பது செகண்ட் ஒண்ணுமே இல்ல சார். ஃபைல் கெட்டுப்போச்சு போல. வெட்டிட்டுப் புல்லாங்குழல் போட்டுட்டேன்.”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை உருப்படியாகச் செய்திருந்தேன். அதன் மேல் புல்லாங்குழல். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

“என்னடா, கேட்டுக்கிட்டே இருக்கேன், கூரையைப் பார்க்கிற?” என்றாள் அக்கா.

“தாழ்ப்பாளை நான்தான்கா திறந்தேன்.”

குரல் நிதானமாக வந்தது. பிஸ்கட், மைக், நாற்பது நொடி என்று ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் அக்கா எழுந்து செருப்பை மாட்டினாள். ஒரு காலில் மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டே நின்றாள்.

“உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன். இப்ப அவகிட்ட போய்ச் சொல்லணும். பன்னெண்டு நாளா அந்தப் புள்ள தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டுக் கெடக்குடா.”

எனக்கும் அதே கவலைதான். குழந்தைக்கு உண்மை தெரிந்தே ஆக வேண்டும். அது அவள் காதில் விழும் அந்த முதல் நொடியைப் பற்றித்தான் ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் இன்னொரு செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

“நீ சொல்லிடாதக்கா. சனிக்கிழமை வரைக்கும் மட்டும் பொறுத்துக்க. அந்த எடத்தை மறுபடி பதிவு பண்ணப் பதிப்பகத்துல ஒத்துக்கிட்டாங்க. மைக் முன்னாடி நானே அவகிட்ட சொல்லிடறேன். ஒரு மணி நேரம், அனுப்பி வைக்கிறியா?”